ஒர்திசேய் மாதிரி ஊருக்கு ரெண்டு வரி போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்புல ஐரோப்பா டூர் போறவங்களுக்காக இத்தாலி பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. ரோம், வெனிஸ், பீசா கோபுரம்னு எல்லாத்தையும் விலாவாரியா எழுதிட்டு வடக்குப் பக்க மலைக்கு வந்ததும் மட்டும் "ஜெர்மன் இத்தாலி கலாச்சாரம் கலந்த அழகான மலை ஊர்கள், நேரம் இருந்தா ஒரு எட்டு போய் வரலாம்"ங்கற மாதிரி ரெண்டு வரியில முடிச்சுட்டாங்க. நான் இப்போ திரெண்டோவில மகள் வீட்டுல இருக்கேன், அக்டோபர் கடைசியில ஒருநாள் காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள அந்த மாதிரி ஒரு ஊருக்குப் போய்ட்டு வந்தோம், அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் இருக்கிற அளவுக்கு வெட்டிப் போட்டுக்கோங்க, ஆனா மொழி பத்தி எழுதியிருக்கறதை மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

முதல்ல அந்த "கலந்த" விஷயம். அங்க ரெண்டு இல்ல, மூணு மொழி. ஜெர்மன், இத்தாலியன், அப்புறம் லடின். இந்த மூணாவதை உங்க கட்டுரை கண்டுக்கவே இல்ல, ஆனா நாங்க போன ஒர்திசேய் ஊர்ல பெரும்பாலான ஜனங்களுக்கு வீட்டுல பேசுற மொழியே அதுதான். இன்னொண்ணு, அங்க அது தானா கலந்து வந்த கதை இல்ல. நூறு வருஷமா அடிச்சுக்கிட்டு, ஒருத்தர் மொழியை ஒருத்தர் அழிக்கப் பார்த்து, அப்புறம் சட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, பள்ளிக்கூடம் கட்டி நிக்க வெச்ச ஏற்பாடு அது. வேடிக்கை பாக்கப் போறவங்களுக்கு இது எதுக்குன்னு நீங்க நினைக்கலாம், ஆனா தமிழ் படிக்கிற வாசகருக்கு வெனிஸ் படகை விட இது எவ்வளவோ நெருக்கமான விஷயம்னு நான் நினைக்கிறேன்.

போற வழியைச் சொல்லிடறேன். திரெண்டோவில இருந்து பொல்சானோவுக்கு ரயில், முக்கால் மணி நேரம் கூட ஆகாது, ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஆப்பிள் தோட்டம், அறுவடை முடிஞ்சு இலையெல்லாம் மஞ்சளும் செம்புமா கிடக்கு. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்கிற மெஷின்ல முத்திரை குத்தணும், இல்லன்னா டிக்கெட் கையில இருந்தும் ஃபைன் போடுவாங்க, நம்ம ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு இதை யாரும் சொல்றதில்ல. பொல்சானோவில இறங்கி பஸ். ஐசாக்னு ஒரு ஆறு, அதை ஒட்டியே வடக்க போய் அப்புறம் வலது பக்கம் திரும்பி மலை ஏறுது, மொத்தமா ஒரு மணி நேரம். பொல்சானோ கடல் மட்டத்துல இருந்து 260 மீட்டர் சொச்சம், ஒர்திசேய் 1,236 மீட்டர், அதனால பஸ் ஏறும்போது கழட்டி வெச்ச ஸ்வெட்டரை இறங்கும்போது தேடணும்.

பஸ் கர்தேனாங்கற அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சதுமே போர்டு மாறுது. அதுவரைக்கும் எல்லா ஊர் பேரும் இத்தாலியன்லயும் ஜெர்மன்லயும் ரெண்டு வரியா இருந்தது, இங்க மூணு வரி. ஒர்திசேய்ங்கறது இத்தாலியன் பேர், சங்க்ட் உல்ரிக் ஜெர்மன் பேர், உர்திஜேய் லடின் பேர். பஸ் ஸ்டாப், ஸ்கூல், முனிசிபல் ஆபீஸ் எல்லாத்துலயும் மூணும் இருக்கு. நான் முப்பது வருஷத்துக்கு மேல கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் சொல்லிக்கொடுத்தவ, எந்த ஊருக்குப் போனாலும் கண்ணு முதல்ல போர்டு மேலதான் போகும்.

இறங்கினதும் ஒரு பேக்கரில காப்பி குடிக்க நின்னோம். கவுன்டர்ல ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும். எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர் கைத்தடியோட நின்னார், அவர்கிட்ட லடின்ல பேசி ரொட்டியைப் பையில போட்டுக் குடுத்தாங்க, அடுத்து முதுகுல பை மாட்டின ஒரு ஜோடி, அவங்ககிட்ட ஜெர்மன், நடுவுல பின்பக்கம் அடுப்புகிட்ட இருந்த பையனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டது இத்தாலியன், என் மகள் இத்தாலியன்ல ஆர்டர் பண்ணினதும் அதுக்கு இத்தாலியன்லயே பதில் சொல்லிட்டு என் புடவையைப் பார்த்து இங்கிலீஷ்ல எங்க இருந்து வர்றீங்கன்னு விசாரிச்சாங்க. அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. முகத்துல எந்தச் சிரமமும் தெரியல, பெருமையும் தெரியல, சில்லறை எண்ணிக் குடுக்கற மாதிரி ரொம்ப சாதாரணமா நடந்தது. நான் அங்கயே காப்பி ஆறிப்போற வரைக்கும் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், எங்க வீட்டுக்காரர்தான் வா வான்னு இழுத்துட்டுப் போனார்.

லடின்னா என்னன்னு வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். கி.மு. 15ல ரோமாபுரிப் படை ஆல்ப்ஸ் மலையைப் பிடிச்சப்போ இந்தப் பக்கம் ரேத்தியர்னு ஒரு ஜனம் இருந்தது. சிப்பாயும் வியாபாரியும் பேசின கொச்சை லத்தீன் இவங்க பேச்சோட சேர்ந்து காலப்போக்குல ஒரு தனி மொழியாச்சு. அப்புறம் வடக்க இருந்து ஜெர்மன் பேசுறவங்க வந்தாங்க, தெக்க இருந்து இத்தாலியன் வந்தது, உயரமான பள்ளத்தாக்குகள்ல இருந்தவங்க மட்டும் இதை விடாம வெச்சுக்கிட்டாங்க. டோலமைட் மலையைச் சுத்தி அஞ்சு பள்ளத்தாக்குல இப்போ சுமாரா 30 ஆயிரம் பேர் பேசுறாங்க, அதுலயும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வித்தியாசம் உண்டு. முப்பது ஆயிரம்! நம்ம ஊர்ல ஒரு நகராட்சிக்கு இதை விட ஜாஸ்தி ஜனம் இருக்கும். ஆனா அந்த மொழியில வாரப் பத்திரிகை வருது, ரேடியோவும் டிவியும் நிகழ்ச்சி போடுது, ஸ்கூல்ல பாடம் இருக்கு, ஆபீஸ்ல மனு எழுதிக் குடுக்கலாம்.

ஊர் மரச் சிற்பத்துக்குப் பேர் போனது. குளிர்காலத்துல பனி மூடிட்டா விவசாயம் கிடையாது, வீட்டுக்குள்ளயே உக்காந்து மரத்தைச் செதுக்க ஆரம்பிச்சாங்க, 1600கள்ல தொடங்கினது. கோயில் சிலை ஒரு பக்கம், பொம்மை ஒரு பக்கம். இவங்களே மூட்டை கட்டி முதுகுல தூக்கிட்டு ஐரோப்பா பூரா நடந்து போய் வித்தாங்க, சில பேர் போன ஊர்லயே கடை போட்டு உக்காந்துட்டாங்க. அந்தப் பொம்மையை இங்க இருக்கிற கர்தேனா மியூசியத்துல பாத்தேன். கை கால் மூட்டுல சின்ன மர ஆணி வெச்சு மடக்குற மாதிரி, தலைமயிர் கறுப்பா பெயின்ட் அடிச்சு, கன்னத்துல ரெண்டு சிவப்புப் பொட்டு. பாத்ததும் கொலுவுல வைக்கிற நம்ம மரப்பாச்சி ஞாபகம்தான், நிக்கிற நிலை கூட அதே விறைப்பு. அதே மியூசியத்துல விவசாயக் கருவி, பழைய பெயின்டிங், கல்லா மாறின கடல் ஜந்து எல்லாம் இருக்கு. கடல் ஜந்து இவ்வளவு உசரத்துல எப்படின்னா இந்த டோலமைட் மலையே 24 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கடியில பவளப்பாறையா இருந்தது, 1791ல அந்தக் கல்லைப் பத்தி எழுதின தொலோமியூங்கற பிரெஞ்சுக்காரர் பேர்தான் மலைக்கு வந்தது, 2009ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேர்த்தாங்க.

ஒரு பட்டறைக்குள்ள போய்ப் பாத்தோம். வாசல்லயே மர வாசனை, பைன் மரம்தான் ஆனா அதுல ஒரு தனி வகை, பிசினும் மிளகும் சேர்ந்த மாதிரி மணக்கும். ஒரு இளைஞர் மேரி மாதா முகத்துல வேலை செஞ்சுக்கிட்டிருந்தார். சுத்தியே இல்ல, கையால உளியைத் தள்ளித் தள்ளி, இமைக்குக் கீழ ஒரு சீவல், நிறுத்தி வெளிச்சத்துல திருப்பிப் பாத்து, மறுபடி அரை நூல் கனத்துக்கு ஒரு சீவல். பக்கத்துல அலமாரியில அதே முகம் மெஷின்ல வெட்டினது வரிசையா நின்னுச்சு, கண்ணு மூக்கு எல்லாம் இருக்கு, ஆனா பார்வை இல்ல. கடைகள்ல விக்கிறதுல நிறைய மெஷின்ல உருவம் எடுத்து கையால பினிஷிங் பண்ணினதுதான், அதுல தப்பு ஒண்ணுமில்ல, ஆனா வாங்கறவங்க முழுக்கக் கைவேலையான்னு ஒரு வார்த்தை கேட்டு வாங்கணும், கேட்டா மறைக்காம சொல்றாங்க. இந்த ஊர்ல ஒரு சிற்பிக்கு அவர் பிழைப்பு, அவர் மொழி ரெண்டும் ஒண்ணா நின்னதாலதான் ரெண்டும் பிழைச்சதுன்னு எனக்குப் படுது. ஊரை விட்டுப் போகாம இங்கயே சம்பாதிக்க வழி இருந்தது, பட்டறையில அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது லடின்லதான இருந்திருக்கும். டிஸ்கோ மியூசிக்ல உலகத்தையே ஆட வெச்சு மூணு ஆஸ்கார் வாங்கின ஜோர்ஜோ மொரோடர் கூட இந்த ஊர்க்காரர்தான், 1940ல இங்கதான் பொறந்தார்.

மத்தியானம் கேபிள் கார்ல மேல போனோம். ஒரு பக்கம் செய்சர் ஆல்ம்னு ஒரு மேட்டு நிலப் புல்வெளி, 56 சதுர கிலோமீட்டர், ஐரோப்பாவுலயே இவ்வளவு உசரத்துல இதுதான் பெரிசு. இலையுதிர் காலத்துல இங்க வர்றதுக்கு ஒரே காரணம் போதும், லார்ச் மரம். ஊசியிலை மரம்னா வருஷம் பூரா பச்சையா இருக்கும்னுதான் நாம படிச்சிருக்கோம், இது மட்டும் அக்டோபர் கடைசியில பூராவும் பொன் நிறமா மாறி நவம்பர்ல ஊசியெல்லாம் கொட்டிடும். கரும்பச்சைக் காட்டுக்கு நடுவுல திட்டுத் திட்டா பொன், மேல வெள்ளை வெளேர்னு பாறை, அதுக்கும் மேல முதல் பனி. சசோலுங்கோங்கற சிகரம் 3,181 மீட்டர், நேரா கண்ணு முன்னாடி. மாட்டையெல்லாம் கீழ ஓட்டிட்டுப் போயிட்டாங்க, மரக் குடிசைகள் பூட்டிக் கிடக்கு, கூட்டமே இல்ல. மூச்சு வாங்கினாலும் என் வயசுக்காரங்க தாராளமா நடக்கலாம், பாதை சமமா இருக்கு.

கீழ வந்து ஊருக்குள்ள ஒரு நடைபாதையில நடந்தோம், அது ஒரு காலத்துல ரயில் பாதை. முதல் உலகப் போர் சமயம், 1915 செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஒரு குளிர்காலத்துக்குள்ள ஆஸ்திரிய ராணுவம் போட்டது, மலையில போர்முனைக்குச் சாமான் கொண்டு போக. கல்லு உடைச்சு மண்ணு சுமந்ததுல பெரும்பகுதி ரஷ்யப் போர்க் கைதிகள். 1960ல அந்த ரயிலை நிறுத்திட்டாங்க, இப்போ குழந்தை வண்டி தள்ளிட்டுப் போறாங்க. பாதை அழகா இருக்கு, போர்டுல அந்தக் கைதிகள் பத்தியும் போட்டா நல்லா இருக்கும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். பொல்சானோவைத் தலைநகரா வெச்ச இந்தப் பிரதேசம், தெற்கு டிரோல்னு பேரு, 1363ல இருந்து ஆஸ்திரிய அரச குடும்பத்துக்கிட்ட இருந்தது. முதல் போர்ல ஆஸ்திரியா தோத்ததும் 1919 ஒப்பந்தத்துல இத்தாலிக்குக் குடுத்துட்டாங்க. ஜனங்களை யாரும் கேக்கல. 1922ல முசோலினி வந்தார், ஊர் பேர் எல்லாத்தையும் இத்தாலியன் ஆக்கினாங்க, 1923ல இருந்து ஜெர்மன் ஸ்கூல் ஒவ்வொண்ணா மூடினாங்க, ஆபீஸ்லயும் கோர்ட்லயும் ஜெர்மன் கூடாது, கல்லறையில கூட ஜெர்மன் எழுத்து கூடாதுன்னு போயிடுச்சு. லடின் ஒரு மொழியே இல்ல, அது இத்தாலியனோட ஒரு வட்டார வழக்குன்னு சொல்லிட்டாங்க. அதோட நிக்காம லடின் பள்ளத்தாக்குகளை மூணு ஜில்லாவுக்குப் பிரிச்சுப் போட்டாங்க, அந்தப் பிரிவு இன்னிக்கும் அப்படியே இருக்கு.

அந்தச் சமயத்துல ரகசியப் பள்ளிக்கூடம் நடந்தது. தானியக் கிடங்கு, மாட்டுக் கொட்டகை, சமையல்கட்டு, இங்கெல்லாம் சின்னப் பொண்ணுங்க டீச்சரா இருந்து நாலஞ்சு பிள்ளைங்களைச் சேத்துக்கிட்டு எழுத்து சொல்லிக்கொடுத்தாங்க. மாட்டினா ஜெயில். ஆஞ்செலா நிகொலெட்டின்னு ஒரு டீச்சர், 1927ல பிடிச்சு உள்ள போட்டாங்க, வெளிய வந்தும் விடல, கடைசில காசநோய் வந்து 1930ல 25 வயசுல செத்துப்போனாங்க. இருபத்தஞ்சு வயசு. நான் முதல் போஸ்டிங் போனப்போ எனக்கு அந்த வயசு. சாக்பீஸும் கரும்பலகையும் சம்பளமும் அரசாங்கமே குடுத்து என் தாய்மொழியைச் சொல்லிக்கொடுன்னு என்னை அனுப்பி வெச்சாங்க. அந்தப் பொண்ணு கதையை மகள் படிச்சுச் சொன்னப்போ எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, இப்போ எழுதும்போதும் அப்படித்தான்.

1939ல இன்னும் கொடுமை. ஹிட்லரும் முசோலினியும் பேசி வெச்சு ஜனங்ககிட்ட ஒரு ஃபாரம் நீட்டினாங்க, ஜெர்மனிக்குக் குடி போறியா, இல்ல இங்கயே இருந்து இத்தாலியனா மாறிடறியா. நூத்துக்கு எண்பது பேருக்கு மேல போறோம்னு எழுதிக் குடுத்தாங்க, லடின்காரங்களும் இதுல எழுதணும். நிஜமா போனவங்க சுமார் 75 ஆயிரம் பேர், போர் முடிஞ்சு கொஞ்ச பேர் திரும்பி வந்தாங்க. இருக்கறேன்னவனுக்கும் போறேன்னவனுக்கும் நடுவுல குடும்பமே ரெண்டாச்சு, அண்ணன் தம்பி பேசிக்காம செத்த வீடுகள் உண்டு. அழகான மலை ஊர்னு எழுதும்போது இதையும் ஒரு வரி எழுதினா அழகு குறைஞ்சிடாது.

1946ல பாரிஸ்ல ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 1948ல தன்னாட்சியும் வந்தது, ஆனா இத்தாலியன் பேசுறவங்க அதிகமா இருக்கிற திரெண்டோவோட சேத்துக் கட்டிப் போட்டதால அது பேருக்குத்தான் இருந்தது. 1957ல திரெண்டோவை விட்டுப் பிரிச்சுக் குடுங்கன்னு பெரிய கூட்டம், 1960ல ஆஸ்திரியா இதை ஐநா சபைக்கே கொண்டு போச்சு, 1961ல ஜெர்மன் பேசுற தீவிரவாதிங்க ஒரே ராத்திரில கரன்ட் டவர்களுக்கு வெடி வெச்சாங்க, உயிர் போச்சு, பிடிபட்டவங்களுக்குச் சித்திரவதை நடந்தது. பத்து வருஷத்துக்கு மேல பேசிப் பேசி 1972ல ரெண்டாவது தன்னாட்சிச் சட்டம், அதுதான் இன்னிக்கு நாம பாக்கற நிம்மதிக்குக் காரணம். அரசாங்க வேலை மூணு மொழிக்காரங்களுக்கும் ஜனத்தொகை விகிதப்படி, வேலைக்குச் சேரணும்னா ரெண்டு மொழியிலயும் பரீட்சை பாஸ் பண்ணணும், லடின் பள்ளத்தாக்குல மூணு மொழி. வசூலாகிற வரியில சுமார் நூத்துக்குத் தொண்ணூறு அங்கயே திரும்பி வருது. 2011 கணக்குப்படி ஜெர்மன் 69 சதவீதம், இத்தாலியன் 26, லடின் நாலரை. அந்த நாலரைக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம் எல்லாம்.

பள்ளிக்கூட விஷயத்துல எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அந்தத் தெற்கு டிரோல் ஜில்லாவுல மத்த இடங்கள்ல ஜெர்மன் ஸ்கூல் தனி, இத்தாலியன் ஸ்கூல் தனி, ஒண்ணுல படிக்கிற பிள்ளை இன்னொரு மொழியை ஒரு பாடமா படிக்கும், அதைச் சொல்லிக்குடுக்கறவருக்கு அது தாய்மொழியா இருக்கணும்னு சட்டமே இருக்கு. மொழியைக் காப்பாத்த இது சரி. ஆனா ஒரே தெருவுல வளர்ற பிள்ளைங்க வேற வேற காம்பவுண்டுக்குள்ள போறது எனக்கு உறுத்துது. அந்த ஊர்லயே இதைக் கேள்வி கேட்டவர் உண்டு, அலெக்சாண்டர் லாங்கர்னு பசுமைக் கட்சித் தலைவர், நான் இன்ன மொழிக்காரன்னு சென்சஸ்ல எழுதிக் குடுக்க மாட்டேன்னு நின்னார், அந்தக் காரணத்துக்காகவே 1995ல பொல்சானோ மேயர் எலக்ஷன்ல நிக்க விடல. இதுக்கு எதிர்மாறா லடின் பள்ளத்தாக்குல 1948ல இருந்து வேற மாதிரி, எல்லாப் பிள்ளைங்களும் ஒரே ஸ்கூல், பாடம் பாதி ஜெர்மன்ல பாதி இத்தாலியன்ல சரிசமமா, லடின் வாரத்துக்குச் சில பீரியட். தாய்மொழிக்கு இவ்வளவு கம்மியா பீரியட் குடுத்திருக்காங்களேன்னு ஒரு தமிழ் டீச்சரா எனக்குக் குறைதான், ஆனா பேக்கரி அம்மா அந்த மாதிரி ஒரு ஸ்கூல்ல இருந்து வந்திருப்பாங்கன்னு நினைச்சா வாயடைச்சுப் போகுது. எண்ணிக்கையில சின்னவங்கதான் எல்லாருக்கும் பொதுவான ஸ்கூலைக் கண்டுபிடிச்சிருக்காங்க, பெரியவங்க ரெண்டு பேரும் இன்னும் தனித்தனியா இருக்காங்க.

எல்லா லடின்காரங்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாதுங்கறதையும் சொல்லணும். பக்கத்து ஜில்லாவுல மாட்டிக்கிட்ட கோர்தினா உட்பட மூணு ஊர்க்காரங்க 2007ல ஓட்டுப் போட்டு எங்களையும் இந்தப் பக்கம் சேருங்கன்னு கேட்டாங்க. ஓட்டு ஜெயிச்சது, இன்னும் சேக்கல.

சாப்பாட்டைச் சுருக்கமா சொல்லிடறேன், நிஜமாவே கலந்தது அங்கதான். பாலக் கீரையும் பாலாடைக்கட்டியும் உள்ள வெச்சு அரை நிலா மாதிரி மடிச்சு வேகவெச்சு மேல வெண்ணெய் ஊத்தித் தர்றாங்க, ஜெர்மன்காரங்க ஒரு பேர் சொல்றாங்க, இத்தாலிக்காரங்க ஒரு பேர், லடின்ல கிராஃபுஞ்சின்ஸ். மாவுல முட்டை இருக்கும், சுத்த சைவக்காரங்க கேட்டுக்கணும். இந்த சீசன்ல தெருவுல வறுத்த செஸ்ட்நட் விக்கிறாங்க, பாக்கெட்ல போட்டுக்கிட்டா கையும் சூடாகும்.

திரும்பும்போது பொல்சானோவில ரயிலுக்கு நேரம் இருந்தது. கிழக்க ரோசன்கார்ட்டன்னு ஒரு மலை, சூரியன் இறங்கறப்போ பாறை பூரா ரோஜா நிறமா மாறுது. லாரின்னு ஒரு குள்ள ராஜாவோட ரோஜாத் தோட்டம் அங்க இருந்துச்சாம், எதிரிகள் அவரைப் பிடிச்சுக் கொண்டு போனப்போ கோபத்துல இந்தத் தோட்டம் பகல்லயும் தெரியக்கூடாது ராத்திரியும் தெரியக்கூடாதுன்னு சாபம் போட்டாராம், அந்தி நேரத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. கேட்டதும் நான் இரணியன்னேன், எங்க வீட்டுக்காரரும் அதே நேரத்துல இரணியன்னார். பகலும் இல்ல ராவும் இல்லங்கற அந்த இடுக்கை நம்ம கதையும் பிடிச்சிருக்கு, அவங்க கதையும் பிடிச்சிருக்கு.

அடுத்த தடவை இந்தப் பகுதி பத்திப் போடும்போது சில விஷயம் சேத்துப் போடுங்க. அக்டோபர் பாதிக்கு மேல கேபிள் கார், ஹோட்டல் எல்லாம் ஒண்ணொண்ணா மூட ஆரம்பிச்சு டிசம்பர்ல பனி சீசனுக்குத்தான் திறப்பாங்க, தேதி பாத்துட்டுத்தான் கிளம்பணும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெக்கிறாங்க, அதுக்கப்புறம் சாயந்திரம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், ஒரு நாள்ல போய்த் திரும்புறவங்க காலைல சீக்கிரம் ஏறிடணும். கர்தேனா மியூசியத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கணும், வெறும் வியூ பாயின்ட் பாத்துட்டு வர்றதுன்னா அந்த ஊர் வரைக்கும் போகத் தேவையில்ல.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம நீலகிரியில தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர்னு எத்தனை பேர், எத்தனை மொழி. படுக மொழி பேசுறவங்க மட்டும் 2011 சென்சஸ்ல ஒரு லட்சத்துக்கு மேல, தெற்கு டிரோல்ல மட்டும் தன்னை லடின்னு பதிஞ்சவங்க அதே வருஷம் 20 ஆயிரம் சொச்சம்தான். ஊட்டி பத்தி உங்க பேப்பர்ல மலர் கண்காட்சி வருது, டிராஃபிக் வருது, உறைபனி வருது, அந்த மொழிகளுக்கு ஸ்கூல்ல என்ன இடம், பஸ் ஸ்டாப் போர்டுல அவங்க ஊரை அவங்க கூப்பிடற பேர் இருக்கா, அந்த வீட்டுப் பிள்ளைங்க ஒண்ணாம் கிளாஸ்ல முதல் நாள் எந்த மொழியைக் கேக்குதுன்னு நான் படிச்சதா ஞாபகம் இல்ல. இந்தி வேண்டாம்னு நின்ன ஊர்க்காரங்க நாம, நம்ம மலையில நம்மளை விடச் சின்ன மொழிக்கு நாம என்ன செஞ்சிருக்கோம்னு நாமதான் முதல்ல கேக்கணும். உங்க நீலகிரி நிருபரை ஒரு மாசம் இதுக்குன்னே விட்டு ஒரு தொடர் போடுங்க. ஸ்கூல் பத்தி எழுதும்போது டீச்சர்களையும் அந்தப் பிள்ளைங்களோட பாட்டிகளையும் ரெண்டு பேரையும் பேச விடுங்க, அதிகாரிங்க பேட்டி அப்புறம் எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
தற்சமயம் திரெண்டோ, இத்தாலி